பழத்தோலைப் பயன்படுத்துவது எப்படி: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிணற்றுநீரைக் காய்ச்சும் ஒரு வீட்டில், ஆறு மாதம் பாவித்த கேத்தலைத் திறந்து பார்த்தால், அடியில் வெள்ளையும் மண்ணிறமுமாக ஓடுபோல ஒரு படிவு இறுகியிருப்பதைக் காணலாம். அந்தப் படிவில் ஒரு சிறு துண்டைச் சுரண்டித் தட்டில் வைத்து, சொதிக்குப் பிழிந்துவிட்டு எறியவிருந்த தேசிக்காய்ப் பாதியை அதன்மேல் இன்னொரு தடவை நெரித்துவிடுங்கள். சில விநாடிகளில் துண்டின் ஓரமெங்கும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் எழும். காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். கால் மணி நேரத்துக்குள் துண்டு மெலிந்து, விரலால் அழுத்த மாவாகிவிடும். எறியவிருந்த ஒன்றுக்குள் இன்னும் எவ்வளவு வேலை மிஞ்சியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

ஆனால் அந்த வேலையைச் செய்தது தோல் அல்ல. தோலின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சுளையின் புளிப்பே அதைச் செய்தது. பழத்தோலைப் பற்றிச் சொல்லப்படும் குறிப்புகளிற் பல பலனளிக்காமற் போவதற்குக் காரணம், தோலின் எந்தப் பகுதியில் எது இருக்கிறது என்று பார்க்காமல் எல்லாத் தோலையும் எல்லாவற்றுக்கும் பாவிப்பதுதான் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் அதை விளங்கிக்கொள்வோம்.

எதில் எது இருக்கிறது

தேசிக்காய், தோடம்பழம், நாரத்தங்காய் ஆகியவற்றின் வெளித்தோலில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உள்ளன. தோலை மடித்து விளக்குச் சுடரருகே நெரித்தால் தெறிக்கும் துளிகள் பொறிபறக்க எரிவது அந்த எண்ணெயால்தான். வாசனையும் அழுக்கெண்ணெயைக் கரைக்கும் தன்மையும் அதற்கே உரியவை. அதன் கீழுள்ள வெள்ளைப் பஞ்சு கசப்பானது. ஜாமை இறுகச் செய்யும் பெக்ரின் அதில்தான் இருக்கிறது. மாதுளை ஓட்டில் துவர்ப்பு மிகுதி. வாழைத்தோலில் நாரும் பொட்டாசியமும் உண்டு. அன்னாசித் தோலில் மிஞ்சியிருக்கும் சீனியும், தோலின்மேல் இயல்பாகவே வாழும் மதுவமும் (ஈஸ்ட்) அதைப் புளிக்கவைக்க ஏற்றதாக்குகின்றன. எண்ணெய் வேண்டுமானால் நிழலில் உலர்த்த வேண்டும்; புளிப்பு வேண்டுமானால் அன்றைக்கே பாவிக்க வேண்டும்; நார் வேண்டுமானால் சமைக்க வேண்டும் அல்லது மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் செய்முறைகளிற் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கும்.

கழுவுதலும் உலர்த்தலும்

பழத்தை உரித்த பின் தோலைக் கழுவுவதிற் பயனில்லை. உரிக்கும் முன்பே முழுப் பழத்தையும் கழுவ வேண்டும். ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 10 கிராம் அப்பச்சோடாவைக் கரைத்து, அதில் பழத்தை 15 நிமிடம் ஊறவைத்து, பின் நல்ல நீரில் தேய்த்து அலசினால், மேற்பரப்பில் உள்ள பூச்சிமருந்து எச்சங்களிற் கணிசமான பகுதி நீங்கும். தோலுக்குள் ஊறிவிட்ட மருந்து இதனால் நீங்காது. இறக்குமதியாகும் தோடம்பழங்களுக்குப் பெரும்பாலும் மெழுகும் பூஞ்சணக் கொல்லியும் பூசப்படுகின்றன என்பதால், அவற்றின் தோலை உண்பதற்கோ முகத்துக்கோ நான் எடுப்பதில்லை. உலர்த்தி அலுமாரிக்குள் வாசனைக்காக வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பச்சைநிறத் தோலோடு சந்தைக்கு வரும் உள்ளூர்த் தோடம்பழமும் வளவில் காய்த்த தேசிக்காயும் இருக்கையில் வேறு தேடவும் தேவையில்லை.

உலர்த்துவதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வன்னியின் சித்திரை, வைகாசி வெயிலில் எதையும் ஒரே நாளில் முறுகவைத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வெயிலில் தோலின் எண்ணெய் பறந்து, நிறம் கெட்டு, கையில் மிஞ்சுவது கசப்புத் தூள் மட்டுமே. தோலை விரலகலத் துண்டுகளாக வெட்டி, உட்புற வெள்ளையைக் கத்தியால் இயன்றவரை வழித்தெடுத்து, சுளகில் ஒன்றோடொன்று ஒட்டாமற் பரப்பி, மேலே மெல்லிய துணியால் மூடி, காற்றோட்டமுள்ள விறாந்தையில் வையுங்கள். சோழகக் காற்று வீசும் நாட்களில் மூன்று அல்லது நான்கு நாட்களில் உலர்ந்துவிடும். மடித்தால் வளையாமல் சட்டென ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, போத்தலில் இட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களின் ஈரக்காற்றில் இம்முறை சரிவராது. அக்காலத்தில் தணல் அடங்கிய அடுப்பின் மேல் தட்டில் வைத்து உலர்த்தலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

தேசிக்காய்: கேத்தல், விளக்கு, கை

வன்னிக் கிணற்றுநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, நீர் கொதிக்கும்போது கரையாத நிலைக்கு மாறிப் பாத்திரத்தின் அடியில் படிகிறது. அதை நீக்க, அன்று பிழிந்த ஆறு அல்லது எட்டுத் தேசிக்காய்ப் பாதிகளைக் கேத்தலுக்குள் இட்டு, படிவு மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நீரைக் கூட்டினால் புளிப்பு ஐதாகிவிடும். மின்கேத்தலானால் கொதித்ததும் நிறுத்தி ஒரு மணி நேரம் அப்படியே விடலாம். அலுமினியக் கேத்தலானால் 10 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம், புளிப்பு அலுமினியத்தையும் அரிக்கும். பின்னர் நீரை ஊற்றிவிட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து அலசி, ஒரு தடவை வெறும் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகே தேநீருக்குப் பாவியுங்கள். தடித்த படிவுக்கு இதை அடுத்தடுத்த நாட்களில் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். உலர்ந்த தோலைக் கொண்டு இதைச் செய்ய முயன்றால் பலன் மிகக் குறைவு.

குத்துவிளக்குக்கும் செம்புக்கும் அதே பாதிகளைப் பொடியுப்பில் தோய்த்துத் தேய்க்கலாம். களிம்பு நீங்கிப் பொன்னிறம் தெரிந்த உடனே நல்ல நீரில் கழுவித் துணியால் ஈரமற ஒற்ற வேண்டும். புளிப்பை அப்படியே விட்டால் மறுநாள் முன்னிலும் மோசமாகக் கறுக்கும். சீமெந்துத் தரையில் தேசிக்காயைத் தேய்க்காதீர்கள். சீமெந்திலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. கேத்தலின் படிவுக்கு நேர்ந்தது தரைக்கும் நேரும்.

கையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாத மதியம், ஊறுகாய்க்காக முற்றத்தில் அமர்ந்து இருநூறு தேசிக்காய் வரை வெட்டினேன். அன்று எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நாள் புறங்கையும் பெருவிரலின் ஓரமும் சிவந்து எரிந்தன, மூன்றாம் நாள் கொப்புளம் கண்டது, அது ஆறிய இடத்தில் கருமண்ணிறத் தழும்பு இரண்டு மாதத்துக்கு மேல் மறையவில்லை. தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒருவகைப் பொருள், தோலில் பட்டபின் வெயிலின் புற ஊதாக்கதிரைச் சந்திக்கும்போது எரிகாயத்தை உண்டாக்குகிறது. பிழிந்த சாற்றைவிட வெளித்தோலில் அது அதிகம். ஆகவே வெட்டும் வேலையைக் கூரைக்குக் கீழ் வைத்துக்கொண்டு, முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே வெயிலில் இறங்குங்கள். முகத்தில் தேசிக்காய்த் தோலைத் தேய்க்கச் சொல்லும் அறிவுரையை, நாள் முழுதும் வயல்வெளியில் நிற்கும் பெண்களுக்கு யாரும் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன்.

தலைமுழுக்குக்கு

எண்ணெய் வைத்து முழுகும் வழக்கம் உள்ள வீடுகளில் சீயாக்காயோடு தேசிக்காயை அவிப்பது பழைய பழக்கம். முழுத் தேசிக்காயை இதற்குச் செலவிட வேண்டியதில்லை. பிழிந்த பாதிகள் போதும். ஒருவருக்கு எட்டுச் சீயாக்காயை விதை நீக்கி, ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தோடு முதல்நாள் இரவு ஊறவையுங்கள். காலையில் நான்கு தேசிக்காய்ப் பாதிகளைச் சேர்த்து, தோல் நசியும்வரை அவித்து, ஆறியதும் அம்மியிலோ கிறைண்டரிலோ அரைத்து, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். வடிக்காமல் பூசினால் தும்பு தலைமயிரில் சிக்கி, எடுக்க அரை நாளாகும். நல்லெண்ணெய் வைத்து அரை மணி நேரம் கழித்து இதைத் தேய்த்து முழுகினால் எண்ணெய் அளவோடு நீங்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். முழுகியபின் நெற்றி, பிடரி, காதோரம் ஆகியவற்றை நன்றாக அலசுவதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

தோடம்பழத் தோல் தூள்

நிழலில் உலர்ந்த தோலை இடித்து அரித்தெடுத்த தூளை, ஒரு தேக்கரண்டிக்கு இரு தேக்கரண்டி தயிர் என்ற அளவில் குழைத்து, வாரத்தில் ஒரு தடவை இரவில் பூசி 10 நிமிடத்தில் கழுவலாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து முகத்தைத் துலக்கும், அவ்வளவே. நிறத்தை மாற்றும் என்பதை நம்ப வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, சொறியோ சிவப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்கு எடுங்கள். மாம்பழத் தோலை இவ்வகையில் ஒருபோதும் பாவிக்காதீர்கள். அதன் பாலில் உள்ள பொருள் பலருக்கு வாயோரத்தையே வேகவைக்கும்.

குசினிக்குப் போகும் தோல்கள்

மொந்தன் வாழைக்காயின் தோல் நம்மவர் சமையலில் பழத்தோலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம். கறிக்குக் காயைச் சீவும்போது தோலைத் தடிப்பாக எடுத்து, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு மெல்லிய நாராக அரிந்து, மஞ்சள் கரைத்த நீரில் உடனே போடுங்கள். அரை மணி நேரத்தில் கயரும் கறுப்பும் நீருக்கு இறங்கிவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, உப்பிட்டுக் கொஞ்ச நீரில் மூடி அவித்து, நீர் வற்றியதும் தேங்காய்ப்பூ, அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துத் தாளித்தால் வறை. அவித்த தோலை எண்ணெயில் வதக்கி, பொரித்த செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்போடு இடித்து, இறுதியில் தேசிப்புளி விட்டால் சம்பல். சம்பலுக்கு உரலே நல்லது, கிறைண்டரில் பசையாகிவிடும். அடிநாக்கில் தங்கும் அந்த மெல்லிய கயர்ப்பு புட்டோடு சேரும்போது எனக்கு வேறெந்தச் சம்பலும் ஈடாகத் தோன்றுவதில்லை.

வத்தகப்பழத்தின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, சிவப்புக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள வெள்ளைச் சதையைப் பூசணிபோலத் துண்டாக்கிப் பால்கறி வைக்கலாம். நீர் மிகுதியாக விடும், ஆகவே தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றுங்கள்.

பிழிந்த தேசிக்காய்ப் பாதிகளை ஊறுகாயாக்க, ஒரு கிலோவுக்கு 200 கிராம் உப்பு எடுத்து, ஒவ்வொரு பாதிக்குள்ளும் உப்பை அடைத்துக் கண்ணாடிப் போத்தலில் அடுக்குங்கள். மூன்று நாட்கள் கழித்து, பகலில் வெயிலிலும் இரவில் தன் சாற்றிலுமாக ஒரு வாரம் மாற்றி மாற்றி வையுங்கள். இங்கே வெயில் வேண்டும், ஏனெனில் நமக்கு வேண்டியது எண்ணெய் அல்ல, ஈரம் நீங்குவதே. தோல் மண்ணிறமாகிச் சுருண்டபின், புதிதாகப் பிழிந்த தேசிப்புளி பாதிகள் முழுதும் மூழ்கும்வரை ஊற்றி, மிளகாய்த்தூளும் வெந்தயத்தூளும் சேருங்கள். இந்தப் புதுப்புளியைத் தவிர்க்கக் கூடாது. பிழிந்த பாதியில் எஞ்சிய புளிப்பு ஊறுகாயைக் காக்கப் போதாது.

அன்னாசித் தோலில் வினாகிரி செய்ய, ஒரு பழத்தின் தோலும் நடுத்தண்டும், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரும், சீனி 100 கிராமும் போதும். அகன்ற வாயுள்ள போத்தலில் இட்டு, துணியால் வாயைக் கட்டி, தினமும் துடைத்த கரண்டியால் கிளறுங்கள். ஒரு வாரத்தில் நுரை அடங்கும். அப்போது தோலை வடித்தெடுத்துவிட்டு, நீரை மட்டும் மேலும் மூன்று நான்கு வாரம் துணி கட்டியபடியே விடுங்கள். மேலே வெள்ளைப் படலம் வந்தால் பிழையில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர்போலப் பூஞ்சணம் வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். இதன் புளிப்பு எவ்வளவென்று வீட்டில் அளக்க முடியாததால், கண்ணாடி துடைக்கவும் உடனே உண்ணும் சம்பலுக்கும் பாவிக்கலாமே தவிர, நாட்பட வைக்கும் அச்சாறுக்குப் பாவிக்கக் கூடாது.

மருந்தாக எடுப்பதற்கு முன்

உலர்ந்த மாதுளை ஓட்டில் ஒரு சிறு துண்டை இரண்டு கோப்பை நீரில் இட்டு ஒரு கோப்பையாக வற்றவைத்து, ஆறியபின் வாய் கொப்பளித்துத் துப்பினால், அதன் துவர்ப்பு வாய்ப்புண்ணுக்கும் முரசு வீக்கத்துக்கும் ஆறுதல் தரும். வயிற்றோட்டத்துக்கும் இதைக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் சித்த வைத்தியரின் சொற்படி எடுக்கட்டும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால் முதலிற் கொடுக்க வேண்டியது நீரிழப்பை ஈடுசெய்யும் கரைசலான ஜீவனிதான். நீரிழப்பை எந்த ஓட்டுக் கசாயமும் ஈடுசெய்யாது.

வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில், அயலிலுள்ள வடமத்திய மாகாணத்தைப் போலவே, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவர் உள்ள வீட்டில் வாழைத்தோல் அவித்த நீர் போன்றவற்றை நல்லதென்று கொடுத்துவிடாதீர்கள். வாழைத்தோலைப் பல்லில் தேய்த்தால் வெண்மையாகும் என்பதற்கும் எனக்குத் தெரிந்த ஆதாரம் இல்லை.

பனங்காய்

இதையும் இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1990 முதல் 2002 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில், சவர்க்காரம் கிடைக்காத அல்லது எட்டாத விலையில் இருந்த நாட்களில், வன்னியில் உடுப்புத் தோய்த்தது பனங்காயால். இன்று அதை வறுமையின் அடையாளமாக மட்டும் நினைவுகூர்கிறோம். ஆனால் பனங்களியில் நுரைக்கும் பொருள் உண்மையாகவே இருக்கிறது, சீயாக்காயில் இருப்பதும் அவ்வகையே. ஆவணி, புரட்டாதியில் பணியாரத்துக்கோ பனாட்டுக்கோ களி பிசைந்தெடுத்த பின், தும்பிலும் கருந்தோலிலும் ஒட்டி நிற்கும் களியை ஒரு வாளி நீரில் கசக்கி வடித்தால், சாக்கு, கால்மிதி, வேலைக்குப் போடும் சாரம் ஆகியவற்றைத் தோய்க்கலாம். வெள்ளை உடுப்பில் மஞ்சள் பிடிக்கும்; நன்றாக அலசாவிட்டால் எறும்பு மொய்க்கும்.

மிஞ்சியது மண்ணுக்கு

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை, அவசரத்தில் அரைகுறையாக மக்கிய எருவை இட்டுக் கன்றுகள் மஞ்சளாகிப் போனதைப் பல வளவுகளில் கண்டோம். பழத்தோல் மட்டும் குவித்தால் எரு ஆகாது, அழுகல்தான் ஆகும். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு சருகோ வைக்கோலோ, இடையிடையே கைப்பிடி மாட்டெருவும் வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் ஈரம் போதும். கோடையில் இரண்டடி ஆழக் குழியில் செய்தால் சோழகம் ஈரத்தை உறிஞ்சாது. மாரியில் குழி நீர் கட்டும் என்பதால் மேட்டில் குவியலாகச் செய்து கிடுகால் மூடுங்கள். இரு வாரத்துக்கொரு முறை புரட்டினால் மூன்று மாதமளவில் தோலின் வடிவம் தெரியாமற்போய், மழை பெய்த மண்ணின் மணம் வரும்.

குழியைக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் எட்டத்தில் வெட்டுங்கள். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோரப் பகுதிகளில் பலாச்சக்கையையும் வாழைத்தோலையும் திறந்த வெளியில் போடவே வேண்டாம், யானை அந்த மணத்தைத் தொலைவிலேயே பிடித்துவிடும். அன்றன்றே ஒரு முழம் மண்ணுக்குள் புதையுங்கள். மாட்டுக்குக் கொடுப்பதானால் நறுக்கி, வைக்கோலோடு கலந்து, சிறிதளவே கொடுங்கள். ஒரு கடகம் பழக்கழிவை ஒரேயடியாகத் தின்ற மாட்டுக்கு வயிறு ஊதும். சொப்பின் பைத் துண்டு ஒன்றுகூட அதற்குள் இருக்கக் கூடாது.

விளா ஓடு, இளநீர்க் கோம்பை, சிரட்டை ஆகியவை குழியில் எளிதில் மக்காது. வெளியே கிடந்தால் முதல் மழையிலேயே நீர் பிடித்து டெங்கு நுளம்புக்கு இடம் கொடுக்கும். அவற்றை உடைத்துக் காயவைத்து அடுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் நிரப்பிய குழியை ஐப்பசி மழை இறுகுமுன் வெட்டியெடுத்து, அரித்து, மிளகாய், கத்தரி நாற்று நடும் பாத்திக்கு மண்ணோடு கலந்துவிட்டால், குழியும் மாரிக்கு முன் வெறுமையாகிவிடும்.